பாரிமுனையில் பொழுதுபோகுமா?

கேள்வி: பாரிமுனைக்கு மொத்த விலைச் சாமான் வாங்கவும் கோர்ட்டுக்கும் தவிர, ஊர் சுற்றிப் பார்க்க யாராவது போவார்களா?

பதில்: தாராளமாகப் போகலாம், கார் மட்டும் வேண்டாம். பார்க்கிங் தேடுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும். மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்தில் இறங்கி நடப்பதே புத்திசாலித்தனம்.

1788-ல் சென்னையில் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர்தான் இந்த முனைக்கு. எதிரே உயர் நீதிமன்றம். அதன் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. கப்பல்களுக்குக் கரை காட்டிய கட்டடத்தில், வாய்தாவுக்கு அலைபவர்களுக்குத்தான் இன்னும் கரை தெரியவில்லை!

அரண்மனைக்காரன் தெருவின் இரைச்சலுக்குள்ளேயே 1772-ல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. வளாகத் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். பகலிலேயே பார்த்துவிட வேண்டும். தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள். சத்ரபதி சிவாஜி 1677-ல் வந்து கும்பிட்டதாகக் கோயிலில் சொல்வார்கள்.

இருட்டியதும் வயிற்றைக் கவனிக்கலாம். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ, பர்மா பஜாருக்குப் பின்னாலுள்ள தள்ளுவண்டிகளில் கிடைக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கையுறை கேட்பவர்களுக்கு இந்தப் பண்டம் ஒத்துவராது. கூடவே வாழைத்தண்டு சூப். இனிப்புக்கு, நெய்யில் பொரித்த ஜிலேபி தேடி சவுகார்பேட்டை மின்ட் தெரு வரை நடக்கலாம்.

பப், டிஸ்கோ என்று தேடுபவர்கள் அண்ணா சாலையிலேயே இறங்கிக்கொள்ளவும்.