அச்சத்தின் ஐந்தாம் பிறப்பிடம்: கேட்டான் பெட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். புதிய பலகை ஆட்டத்தின் விதிப்புத்தகம் அந்தப் பட்டியலில் இல்லை. அட்டைப்பெட்டி இல்லாத காலத்தில் நேர்ந்த விடுபாடு இது எனக் கொண்டு, அதை ஐந்தாவதாகச் சேர்க்க இடமுண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பெட்டி 'கேட்டான்'. ஜெர்மனியில் செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்த கிளவுஸ் டாய்பர் உருவாக்கி, 1995இல் வெளிவந்த ஆட்டம். அதே ஆண்டு அந்நாட்டின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருதையும் பெற்றது. பல் ஆஸ்பத்திரி நாற்காலியைக் கண்டவரும் இந்தப் பெட்டியைக் கண்டவரும் ஒரே முகம் காட்டுவது தற்செயலா என்பது தனி ஆய்வுக்குரியது.

பெட்டி திறக்கிறது. 19 அறுகோண நிலங்கள், எண் வில்லைகள், குச்சி குச்சியாய்ச் சாலைகள், ஐந்து வகை மூலப்பொருள் சீட்டுகள். "நீங்க ஆடுங்க, நான் சும்மா பார்க்கிறேன்" என்கிறார் விருந்தாளி. இன்னொருவருக்குத் திடீரென்று போன் வருகிறது. மூன்றாமவர் டீ போட எழுகிறார். அன்றுவரை அவர் அடுப்படிப் பக்கம் போனதற்குச் சான்று கிடைக்கவில்லை.

முதலில் பழைய நான்கையும் பொருத்திப் பார்க்க வேண்டும். கள்வர் கேட்டானிலேயே உண்டு. பகடையில் 7 விழுந்தால், 7 சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியை இழப்பார். உருட்டியவர் திருடனை வேறு நிலத்துக்கு நகர்த்தி, அங்கே வீடு கட்டியிருப்பவரிடம் ஒரு சீட்டை உருவிக்கொள்வார். விலங்குக்கு ஆடு புலி ஆட்டம்: 3 புலி, 15 ஆடு. இறைக்குச் சதுரங்க ராஜா. ஆனால் அங்கே அஞ்சி ஒதுங்குகிறவர் அவரேதான். அணங்கு, விதிகளை விளக்க உட்கார்ந்தவர்மேல் இறங்குவது. அரை மணி நேரத்துக்குக் குறைந்து மலையேறாது.

ஆனால் புலிக்கு அஞ்சி யாரும் டீ போடப் போனதில்லை. அப்படியானால் விதிகளின் சிக்கல்தான் காரணமா? தாயத்தைப் பாருங்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் அது பூஜ்யமல்ல, பன்னிரண்டு. பெருக்கல் குறியிட்ட கட்டத்தில் வெட்டக் கூடாது. பல வீடுகளில், ஒரு காயையாவது வெட்டாதவருக்குப் பழம் கிடையாது. இத்தனையும் விரல்நுனியில் வைத்திருக்கும் பாட்டி, கேட்டானைப் பார்த்து "அதெல்லாம் படிச்சவங்க ஆடுறதுப்பா" என்கிறார்.

படித்தவர் நிலையும் அப்படியொன்றும் சிறப்பில்லை. மோனோபொலியில் ஒருவர் வந்து நின்ற மனையை வாங்க மறுத்தால் வங்கி அதை உடனே ஏலம் விட வேண்டும் என்பது அச்சிட்ட விதி. ஏலமே நடக்காத வீடுகளில் அந்த ஆட்டம் தலைமுறை தலைமுறையாக அமோகமாக நடக்கிறது.

ஆக, விதி தெரியாதது தடையல்ல. தெரியாதது வெளியே தெரிந்துவிடுவதுதான் தடை. விடை அச்ச நூற்பாவில் இல்லை. அதே இயலின் நகை நூற்பாவில் இருக்கிறது. நகை பிறக்கும் நான்கில் முதலாவது எள்ளல். விருந்தாளி அஞ்சுவது திருடனுக்கு அல்ல, "இதுகூடவா புரியல?" என்று சிரிக்கப்போகும் மைத்துனருக்கு.

தாயம் பழகியபோது இந்த மைத்துனரை அடக்க ஓர் ஏற்பாடு இருந்தது: ஒப்புக்குச் சப்பாணி. சின்னவர் ஆட்டத்தில் இருப்பார், உருட்டுவார், வெட்டுப்படுவார். கணக்கில் மட்டும் வரமாட்டார். விதியை யாரும் விளக்கியதில்லை. அத்தை பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து நான்கு ஆட்டம் தோற்றதில் தானாக ஏறியது. கேட்டான் விதிப்புத்தகமும் இந்த மனநிலை அறிந்ததுதான். புதியவர்கள் யோசித்துத் திணறாமல் தொடங்க, எந்த நிலம், எந்த வீடு எங்கே என்று ஆயத்த அமைப்பொன்றைப் படம் போட்டே காட்டுகிறது.

அந்தச் சப்பாணி ஏற்பாட்டின்படி செய்முறை: "10 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பகடையைக் கையில் கொடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எல்லாச் சீட்டும் திறந்தே இருக்கும். திருடனை 7 விழும்போது அறிமுகப்படுத்தினால் போதும். மைத்துனரை டீ போட அனுப்பலாம்.

இம்முறையில் ஒரே ஒரு குறை தென்பட்டுள்ளது. ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்தவர் முதல் ஆளாகப் பத்தைத் தொட்டுவிட்டால், இந்த ஆட்டம் கணக்கில் உண்டு என்று வாதிடத் தொடங்குகிறார். இதைத் தீர்க்க விதிப்புத்தகத்தில் வழியில்லை. அத்தையைத்தான் கேட்க வேண்டும்.