சூப்பர் பில்டப் ஏரியா: ஒரு மெய்ப்பொருள் ஆய்வு

முன்னுரை

பூம்புகார் மாளிகைகளுக்கு எத்தனை மாடம் என்று அறிஞர்கள் சண்டையிட்டு, கட்சி பிரிந்து, ஒருவர் மகள் திருமணத்துக்கு மற்றவர் போகாமலும் இருந்துவிட்டார்கள். ஆனால் பல்லாவரத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கியவன் இரண்டாவது பெட்ரூமில் கட்டிலைப் போட்டதும் கதவு ஏன் மூட மறுக்கிறது என்று அவர்களுள் ஒருவரும் கேட்டாரில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

கருதுகோள்

வீடு வாங்குவோன் விலை கொடுப்பது தான் நிற்கும் இடத்துக்கு அன்று, நிற்க முடியாத இடத்துக்கே. ஆய்வு மரபை மீறாமல் முடிவு முதலில் எட்டப்பட்டது. தரவுகள் அதற்கேற்பப் பின்னர்த் திரட்டப்பட்டன.

ஆய்வு எல்லை

வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகச் சொல்லித் தொடங்குவது வழக்கம். இவ்வாய்வின் வட எல்லை அடையாறு எனத் தொடங்கிற்று. வங்கி மேலாளர் சம்பளச் சீட்டைப் பார்த்தபின் அது தாம்பரமாயிற்று. மாதத் தவணையைக் கணக்கிட்டுச் சொன்னபின் கூடுவாஞ்சேரியாயிற்று. தென் எல்லை இன்னும் நகர்ந்துகொண்டிருப்பதால் வரையறுக்கப்படவில்லை.

தரவுகள்

முதன்மைத் தரவு மாமனார். துணைமைத் தரவு புரோக்கர்.

வகைப்பாடு

வீடு நால்வகைப்படும்.

தனி வீடு: பிறர் வாங்குவது.

மனை: ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. அரை கிரவுண்டு என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் வாங்காமல் விட்டது. “வேளச்சேரியில் அப்போது தண்ணீர் நிற்கும், எவன் வாங்குவான் என்று விட்டுவிட்டேன் மாப்பிள்ளை” (மாமனார், சாய்வுநாற்காலி உரை, முதற்காப்பி). தண்ணீர் இப்போதும் நிற்கிறது, விலைதான் நிற்கவில்லை.

பழைய வீடு: காண்க, ஒழுக்கு.

அடுக்ககம்: விரிக்கின் பெருகும். விரிப்போம்.

மூலபாட ஆய்வு

அதற்கு முன் பத்திரங்களைப் பற்றி ஒரு சொல். மூலபாட ஆய்வு பல்கலைக்கழகங்களில் அருகிப்போய், வங்கியின் சட்ட ஆலோசகரிடம் மட்டுமே உயிர்வாழ்கிறது. தாய்ப்பத்திரம் தொடங்கி இன்றைய கிரயப் பத்திரம் வரை எல்லாவற்றையும் அவர் வரி வரியாக ஒப்பிடுவார். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கேட்பார். ஒன்றில் ‘சாமி’ என்று முடிந்த பெயர் இன்னொன்றில் ‘ஸ்வாமி’ ஆகியிருந்தால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குவார். ஔவையார் எத்தனை பேர் என்ற வினாவை இவரிடம் விட்டிருந்தால், வாரிசுச் சான்றிதழ் கேட்டே இரண்டு வாரத்தில் முடித்திருப்பார்.

சூப்பர் பில்டப்: உண்டா, இன்றா?

இனி ஆய்வின் உயிர்நிலை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவை வரையறுத்திருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி, குழாய்கள் ஏறும் குழி ஆகியன சேரா. அதனோடு வெளிச்சுவரும் பால்கனியும் கூடின் பில்டப் ஏரியா. அதனோடு படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வாட்ச்மேன் அறை ஆகியவற்றில் உமது பங்கும் கூடின் சூப்பர் பில்டப். கார்ப்பெட்டுக்கு இலக்கணம் சட்டத்தில் உண்டு. சூப்பர் பில்டப்புக்கு விளம்பரத்தில் உண்டு. ஆயிரம் சதுர அடி என்று வாங்கிய வீட்டில் எழுநூற்றுச் சொச்சம் காலுக்கு அகப்படும். ஏனைய இருநூற்றுச் சொச்சம் எங்கே? இது பற்றி நான்கு கட்சிகள் உள.

துவைதிகள்: வீடு வேறு, படிக்கட்டு வேறு, விலை மட்டும் ஒன்று. இக்கட்சியினர் பெரும்பாலும் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து முடிக்கின்றனர்.

அத்வைதிகள்: பேதம் மாயை. “லிஃப்டுல நிக்கும்போதும் நீங்க உங்க வீட்டுலதான் சார் நிக்கறீங்க” (விற்பனைப் பிரதிநிதி, மாதிரி வீட்டு உபதேசம், ஏ.சி. பதினெட்டில்). அவ்வாறாயின் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று, உள்ளே அகப்பட்டுக் கத்துகிறவன் வீட்டில்தான் இருக்கிறான். கதவைத் திறந்துவிடச் சொல்லும் உரிமை அவனுக்கு உண்டா என்பது ஆய்வுக்குரியது.

விசிஷ்டாத்வைதிகள்: படிக்கட்டில் உமக்குப் பங்கு உண்டு, எந்தப் படி என்று கேட்கலாகாது. “தரைத்தளத்துக்காரன் ஒரு படியும் ஏறாமல் எல்லாப் படிக்கும் பணம் கட்டுகிறான், பலனை எதிர்பாராத கர்மம் இதுதானடா” (பெரியப்பா, ‘நான் அப்பவே சொன்னேன்’, திருத்திய ஏழாம் பதிப்பு, கிரகப்பிரவேசப் பந்தியில் வெளியிடப்பட்டது, பாயசப் படலம், இப்படலம் இடைச்செருகல் என்பார் பெரியம்மா).

லோகாயதர்: “டேப்பை வெச்சு அளந்து பாருங்க சார்” (வாட்ச்மேன் அண்ணன், பீடி இடைவேளைக் குறிப்புகள், கேட்டின் இடப்பக்கத் தூணில் சாய்ந்தவாறு அருளியது, வலப்பக்கத் தூண் என்பது பாடபேதம், மூலச்சுவடி மோட்டார் அறையில் நனைந்து அழிந்தது என்று அசோசியேஷன் செயலாளர் கூறுவது, அவர் அவ்வறையின் சாவியை யாரிடமும் தராதவர் ஆகலின், ஏற்கத்தக்கதன்று). இக்கூற்று பொருந்தாது. என்னை? அளக்கலாம் என்றால் ஆய்வு எதற்கு?

கார்ப்பெட்டின் மேல் பொது இடத்தை ஏற்றி அளவைப் பெருக்கும், லோடிங் எனப்படும் இவ்வுத்தியைக் கட்டுநர்கள் எங்கே கற்றனர்? முனைவர் பட்ட ஆய்வேடுகளிலிருந்து என்பது என் துணிபு. நானூறு பக்க ஆய்வேட்டில் நன்றியுரை முகப்பு வளைவு. ‘இலக்கியம்: ஒரு விளக்கம்’ என்னும் முதல் இயல் நடைபாதை. யாரும் திறந்து பாராத துணைநூற்பட்டியல் வாட்ச்மேன் அறை. வழிகாட்டியின் நூல்களிலிருந்து எடுத்த மேற்கோள்கள் லிஃப்ட். மேலே போக வேண்டுமென்றால் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று புறத்தேர்வாளர் கேட்பதில்லை. அவர் குடியிருப்பதும் அதே கட்டுநர் கட்டியதில்தான்.

கார் நிறுத்துமிடம்

தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடம் பொதுப்பகுதியே, அதைத் தனியாக விற்கக் கூடாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. நம் ஊரிலும் அதை யாரும் விற்பதில்லை. பணம் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பதிவியல்

2023 இறுதிவரை புது ஃபிளாட் வாங்குவோருக்கு மனையில் பிரிபடாத பங்கு மட்டும் கிரயமாகும். கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம். அதாவது, ஐந்தாம் மாடியில் குடியிருப்பவன் கிரயப் பத்திரத்தில் பெற்றது மண். அதுவும் எந்த மூலை மண் என்று சொல்லாத மண். பின்னர் இரண்டையும் சேர்த்தே பதியும் முறை வந்தது. அதே ஆண்டில் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 4இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. கூடவே வழிகாட்டி மதிப்பும் ஏறியதால், மகிழ்ச்சி அளவோடு நின்றது.

முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்கச் சொல்லிப் பதிவுத் துறையே அறிவிக்கிறது. பகுத்தறிவும் பஞ்சாங்கமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தம் எண்ணைக் கூப்பிடக் காத்திருக்கும் இடம் தமிழ்நாட்டில் இது ஒன்றே.

முடிவுகள்

1. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஆய்வு தொடங்கும் முன்பே மெய்ப்பிக்கப்பட்டிருந்ததால் இதில் சிரமம் இருக்கவில்லை.

2. நான்கு கட்சியினருள் முன்பணம் கட்டாதவர் துவைதி ஒருவரே.

3. மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் கார்ப்பெட் அளவில் வாங்குவதா, சூப்பர் பில்டப் அளவில் வாங்குவதா என்பது மேலாய்வுக்குரியது. அசோசியேஷன் பொதுக்குழுவில் இவ்வினாவை எழுப்ப முன்வரும் இளம் ஆய்வாளர்க்கு நல்கை எதுவும் கிடைக்காது. கடன் கிடைக்கும், 20 ஆண்டுக்கு.