பின்னடைவுப் பேச்சாளர்

ஓட்டு எண்ணும் நாளில் தொலைக்காட்சியின் ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கட்சியின் செய்தித் தொடர்பாளருக்குத் தோல்வி என்ற சொல் தெரியாமல் இல்லை. எதிர்க்கட்சிக்கென்று பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். அவர்கள் தோற்றால் படுதோல்வி, மண்ணைக் கவ்வினார்கள், டெபாசிட் காலி. தம் கட்சிக்கு மட்டும் நேரத்துக்கு ஒரு சொல். காலை 8 மணிக்குத் தபால் ஓட்டில் பின்தங்கினால், ‘அரசு ஊழியர்கள் ஓட்டுதானே!’ இயந்திரங்களின் முதல் சுற்று வந்ததும் ‘ஆரம்பகட்ட நிலவரம்’. ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு ‘இழுபறி’; இழுப்பவர் எதிர்வேட்பாளர், பறிகொடுப்பவர் நம்மவர். பிற்பகலில் அது ‘சிறு பின்னடைவு’ ஆகும்போது வித்தியாசம் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருக்கும். இருட்டினால் ‘படிப்பினை’. கரை வேட்டி கசங்குவதில்லை, குரல் தழுதழுப்பதில்லை. கேள்வி இறுகும்போது மட்டும் காதில் மாட்டிய கருவி கேட்காமல் போய்விடும்.

புளுகுகிறார் என்று இவரை ஒதுக்கிவிடலாம் என்றால், கணக்கு இவர் பக்கம் வந்து நிற்கிறது. ‘எங்கள் வாக்கு வங்கி அப்படியே இருக்கிறது’ என்பார். பல சமயம் உண்மைதான். 1996 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4 இடங்கள். ஓட்டோ 21 சதவீதத்துக்கு மேல். 2014 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. 23 சதவீதத்தைத் தாண்டியும் ஓர் இடம்கூடத் தேறவில்லை. தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே முழு இடமும் என்ற நம் தேர்தல் முறை இப்படித்தான் செய்யும். ஆகவே இவர் சொல்வது பொய்யில்லை. சொல்லும் நேரம்தான் வேடிக்கை. ஜெயித்த வருடம் இவர் சதவீதம் பேசிக் கேட்டவர் உண்டா? அன்று இடக்கணக்கு மட்டும்தான். பதிவான செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் டெபாசிட்டை விட்ட சின்னக் கட்சிக்காரரும் சளைத்தவரல்லர். போன தடவையைவிட ஓட்டு இரட்டிப்பு என்பார். எத்தனையிலிருந்து என்று கேட்கக்கூடாது.

‘தோற்றுவிட்டோம்’ என்று கண்ணியமாகச் சொல்லிவிட்டுப் போனால் என்ன என்பது நியாயமான கேள்வி. அதைச் சொல்வது தலைவரின் உரிமை. மக்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கும் அறிக்கை வருமுன் இவர் முந்திக்கொண்டால் பதவி போகும். அதைவிட, இவர் பேசுவது நெறியாளரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. மறுநாள் டீக்கடையில் எதிர்க்கட்சிக்காரன் கிண்டலுக்கு முகம் கொடுக்கவேண்டிய கிளைச் செயலாளரிடம். ‘ஓட்டுகள் சிதறிவிட்டன’, ‘பணநாயகம் ஜெயித்தது’ எல்லாம் பாதிக் கிளாஸ் டீக்குள் சொல்லி முடிக்கிற அளவுக்கு வெட்டித் தரப்பட்டவை. ஆறுதலில் கட்சியே ஏமாந்துவிடாதா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். வேண்டாத கவலை. மூடிய அறைக்குள் ஆய்வுக் கூட்டம் நடக்கும்போது பின்னடைவு என்று ஒருவரும் பேசுவதில்லை. எந்த ஒன்றியத்தில் யார் உள்ளடி வேலை பார்த்தார், பூத் செலவுப் பணம் எந்தப் பையில் தங்கியது என்றே பேச்சு. ஓரிரு வாரத்தில் ஒரு மாவட்டச் செயலாளர் தூக்கியடிக்கப்படுவார். அன்று சாயங்காலமும் அதே கட்டத்துக்குள் நம்மவர் வந்து உட்கார்ந்து, அண்ணனின் பணிச்சுமையைத் தலைமை குறைத்திருக்கிறது என்பார்.