வெளிச்சம் வருது, சத்தம் வரல

பெறுநர்: யூ.எஸ்.பி. இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம், பீவர்ட்டன், ஆரிகன், அமெரிக்கா.

பொருள்: கேபிளுக்கு அடையாளம் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய தரநிலைக் காவலர்களே,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, கவரைப்பேட்டை வாடகை அறையில் கதவிடுக்கில் போர்வையைத் திணித்துவிட்டுப் பாட்டுப் பதிவு செய்யும் பையன்கள் சார்பாக எழுதுகிறேன். லேப்டாப், மைக், நடுவில் ஒரு ஆடியோ இன்டர்பேஸ். இன்டர்பேஸில் விளக்கு எரியும். லேப்டாப்போ அப்படி ஒரு பெட்டியைக் கண்டதே இல்லை என்று சாதிக்கும்.

உடனே ஆலோசகர்கள் கூடிவிடுவார்கள். 'டிரைவரை மாத்திப் போடு' என்பவரிடம் பாதி நியாயம் உண்டு: ஆடியோ கிளாஸ் 2 விதியைத் தாங்கள் தந்தது 2006-ல், விண்டோஸ் அதைத் தானாகப் படிக்கத் தொடங்கியது 2017-ல். அடுத்தவர் 'ஃபார்மட் அடிச்சிரு' என்பார். கேபிளை மாற்றினாயா என்று கேட்க நாதி இருக்காது.

தங்கள் 2.0 விதிப்படி கேபிளுக்குள் நாலு கம்பி. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. மின்சார ரயிலில் கூவி விற்கும் சார்ஜர் ஒயர் சிலவற்றில் பின்னவை இரண்டும் கிடையாது. விளக்கு எரிய முன்னவை போதுமே! இதைத் தாங்கள் அனுமதிக்கவில்லை, தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வாய் என்று 2014-ல் டைப்-சியைக் கொண்டுவந்த தாங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே எழுதவைக்க மறந்தீர்கள்.

பெயர் வைக்க மட்டும் மறக்கவில்லை. 2008-ல் 3.0. அதுவே 2013-ல் 3.1 ஜென் 1. அதுவே 2019-ல் 3.2 ஜென் 1. வேகம் அதே 5 ஜிகாபிட்; பெயர்சூட்டு விழா மட்டும் மூன்று. இத்தனைக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனல் பாட்டுக்கு நொடிக்குச் சுமார் 2.3 மெகாபிட் போதும். 2000-ல் வந்த 2.0-வே 480 மெகாபிட் கொடுக்கும்.

ஒரு குற்றத்திலிருந்து மட்டும் தங்களை விடுவிக்கிறோம். பதிவில் 'ம்ம்ம்' என்று கேட்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு இங்கே எல்லோரும் சிப்காட்டின் இரும்பு உலைகளைத் திட்டுவார்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அது அடங்கினால் உலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோளாறு அறையின் எர்த்திங்கிலோ சார்ஜரிலோதான். அந்த மனு வீட்டு ஓனருக்குத் தனியே போகிறது.

சான்று பெற்ற கேபிளுக்கு முத்திரை, 2022 முதல் வேகத்தையே பெயராக எழுதும் ஏற்பாடு எல்லாம் நல்லதே. முத்திரையில்லாத கேபிள்தான் எங்கள் பிளாட்பாரம்வரை வந்து சேர்கிறது. அதற்கும் ஒரு வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
பச்சையும் வெள்ளையும் இழந்தோர் சார்பாக.

நகல்: இன்டர்பேஸ் வாங்கிய தம்பிகளுக்கு. ஃபார்மட் அடிக்குமுன் அதே கேபிளில் போனை லேப்டாப்போடு மாட்டி, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுத்து ஒரு போட்டோவை ஏற்றிப் பாருங்கள். வேறு கேபிளில் ஏறும் போட்டோ இதில் ஏறாமல் சார்ஜ் மட்டும் ஏறினால், இந்த ஒயரை இனி சார்ஜுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.