பல்லி குடியிருந்த மடிக்கணினி

2012ஆம் ஆண்டு மின்வெட்டைச் சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் எப்போது போகும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. எப்போது வரும் என்பதுதான் கேள்வி. என் மடிக்கணினியின் பேட்டரிதான் அப்போது வீட்டுக்கு விளக்கு. திரையை வெள்ளையாக்கி வைத்தால் அந்த வெளிச்சத்தில் அம்மா பூண்டு உரிப்பாள்.

அப்படி ஓர் இரவு, தங்கச்சிக்கு வந்திருந்த திருப்பூர் வரனைப் பற்றிப் பேச்சு. "பையன் நல்ல மாதிரிதான்" என்று அம்மா சொல்லி முடிக்கவும், 'டிக்' என்றது எதுவோ. உடனே தரையில் மூன்று தட்டு தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றாள். பல்லி சொல்லிவிட்டதாம். "ஆனா அந்த மாமியார்தான் ஒரு மாதிரி" என்றாள். டிக். கிருஷ்ணா, கிருஷ்ணா. ஒரே பல்லி இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லவே எனக்குச் சந்தேகம் வந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். பல்லி மடிக்கணினிக்குள் இருந்தது.

ஹார்டு டிஸ்க்தான். உள்ளே நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டு, அதைத் தொடாமல் மேலே மிதக்கும் ஹெட். வேலை இல்லையென்றால் ஹெட் ஓரத்துச் சாய்தளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏறும்போதும் இறங்கும்போதும் டிக். அதற்கப்புறமும் வேலை வராவிட்டால் தட்டும் நின்று தூங்கிவிடும். சுற்றும்போது கிட்டத்தட்ட ஒரு வாட் குடிக்கிற டிஸ்க், தூங்கும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் எழுப்பினால், மறுபடி வேகம் பிடிக்கும் இரண்டு மூன்று விநாடிக்கு ஐந்து வாட் வரை கேட்கும். ஹெட் ஏறி இறங்கவும் கணக்குண்டு. என் டிஸ்குக்கு விதிக்கப்பட்டது 6 லட்சம் தடவை. டிஸ்கே அதை எண்ணி, ஸ்மார்ட் என்ற தன் உடல்நலப் பட்டியலில் 193ஆம் எண்ணில் குறித்து வைத்திருந்தது: 3 லட்சத்துச் சொச்சம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் 5000 மணி நேரத்தில் 6 லட்சமும் தீர்ந்துவிடும்.

நான் எதையும் எழுதவில்லை. அம்மாவும் பூண்டுதான் உரிக்கிறாள். பின்னே யார் எழுப்புவது?

லினக்ஸில் பிளாக் டம்ப் என்று ஒரு வசதி இருந்தது. எந்த நிரல் டிஸ்கில் எழுதினாலும் பெயரோடு காட்டிக்கொடுக்கும். அதை இயக்கியதும் டிஸ்க் பேய் பிடித்ததுபோல் ஓடத் தொடங்கியது. இன்னார் எழுதினார் என்ற தகவல் வந்தால் அதை சிஸ்லாக் என்ற குறிப்பேட்டு நிரல் டிஸ்கில் எழுதும். சிஸ்லாக் எழுதியது என்று உடனே இன்னொரு தகவல் வரும். அதையும் எழுதும். முதலில் சிஸ்லாக்கை நிறுத்திவிட வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. ஆவணத்தை முதலில் படிக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஊரே வரிசையில் நின்றது. பிரௌசர், திறந்திருக்கும் பக்கங்களைச் சில விநாடிக்கொரு தரம் குறித்துக்கொண்டிருந்தது. ஈஎக்ஸ்டி3 கோப்பு முறைமை, சேர்ந்திருப்பதை எல்லாம் 5 விநாடிக்கொரு தரம் இறக்கியது. இது போதாதென்று, ஒரு கோப்பைப் படித்தாலே, படித்த நேரத்தை டிஸ்கில் ஏற்றியாக வேண்டும் என்பது பழைய யுனிக்ஸ் வழக்கம். பந்தியை எட்டிப் பார்த்தவர் பெயரையும் மொய் நோட்டில் ஏற்றுவது மாதிரி. 2009க்குப் பிறகு வந்த லினக்ஸில் இதைத் தளர்த்திவிட்டார்கள். என்னுடையது 2007 மாடல்.

எல்லாரையும் மிஞ்சியது, நான் நிறுத்திவைத்த அந்த சிஸ்லாக். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 'மார்க்' என்று ஒரு வரி எழுதும். உயிரோடு இருக்கிறேன், வேறு விசேஷமில்லை என்று அர்த்தம். நடுநிசியில் விசில் ஊதித் தெருவையே எழுப்பி, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தெரிவிக்கிற கூர்க்காகூட இதனிடம் பாடம் படிக்கலாம்.

2004லேயே லினக்ஸில் லேப்டாப் மோடு வந்துவிட்டிருந்தது. அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினால், கொத்தமல்லியோடு வந்து செருப்பைக் கழற்றும்போது "அப்படியே ஒரு தீப்பெட்டி" என்பாள். அப்பா அப்படியில்லை. எல்லாவற்றையும் துண்டுச்சீட்டில் சேர்த்துக்கொண்டு, எதற்காகவோ வெளியே கிளம்பும்போது மொத்தத்தையும் முடித்துவிட்டு வருவார். லேப்டாப் மோடு அப்பா கட்சி. எழுத வேண்டியதை நினைவகத்தில் 10 நிமிடம் வரை சேர்த்துவைத்து, டிஸ்க் எழும்போது ஒரே நடையாக முடித்துவிடும். நடுவில் கணினி செத்தால் துண்டுச்சீட்டும் போச்சு. அதற்குத் துணிந்துதான் இயக்கினேன்.

மூன்று நாள் பாடுபட்டு மிச்சம் பிடித்தது ஒரு வாட்டுக்கும் குறைவு. திரை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தால் அதைவிட அதிகம் மிஞ்சியிருக்கும். ஆனால் பூண்டு தெரியாது.

அன்றிரவு வீட்டில் நிசப்தம். "பையன் நல்ல மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அம்மா காத்திருந்தாள். சத்தமில்லை. "தை மாசமே முடிச்சிடலாம்னு பாக்கறேன்." சத்தமில்லை. பூண்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "என்னடா இது, சகுனமே சரியில்லையே. அந்தப் பல்லி எங்க போச்சு?"

இருட்டில் தங்கச்சி என் முழங்கையைக் கிள்ளினாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது எனக்கு முன்பே தெரியும்.

நினைவகத்தில் சேர்ந்திருப்பதை உடனே டிஸ்கில் எழுதச் சொல்ல 'சிங்க்' என்று ஒரு கட்டளை உண்டு. தட்டச்சு செய்து வைத்துக்கொண்டேன். தட்டு வேகம் பிடிக்க மூன்று விநாடி.

"சரியாக் காதுல விழலம்மா, இன்னொரு தரம் சொல்லு" என்று சொல்லி என்டரைத் தட்டினேன்.

"பையன் நல்ல மாதிரிதான்னேன்."

டிக்.

"கிருஷ்ணா, கிருஷ்ணா."