ஓலையும் மேக்ரோவும்

மாத்தளைக்காரருக்கு பிடிஎஃப் புதிதல்ல. வாய்மொழியாக வந்த திரிபிடகத்தை, இனி யாரும் கைவைக்க முடியாதபடி ஓலையில் இறக்கியது நம்ம அலுவிகாரையில்தான், கி.மு. 1ஆம் நூற்றாண்டில். அடோபிக்காரர் 1993இல்தான் கண் விழித்தார்கள். (1848 கிளர்ச்சியை வெள்ளைக்காரன் அடக்கியபோது அங்கிருந்த ஏட்டு நூலகம் அழிந்தது. பேக்கப் எடுக்காத பழக்கமும் இங்கே பழசு.)

அந்தப் பரம்பரைப் பெருமையோடு, எங்கள் தோட்டத்துக் கந்தோரில் எக்செல் சம்பளத் தாள்களை பிடிஎஃப் ஆக்க நான் ஒரு மேக்ரோ எழுதினேன். பொத்தானை அழுத்தினேன். தேத்தண்ணி ஆறுமுன் 140 பேருக்கும் முடிந்தது. ஃபோல்டரைத் திறந்தால் ஒரே ஒரு ஃபைல். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறேன். ஒன்றை ஒன்று விழுங்கி, கடைசி ஆள் மட்டும் பிழைத்திருந்தார்.

திருத்தினேன். இப்போது ஆளுக்கு இரண்டு பக்கம். பிரின்ட் ஏரியாவைக் குறிக்க மறந்ததில், முதல் பக்கம் முழுக்க ஈபிஎஃப், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் என்று கழிவுகள். ‘கைக்கு வரும் தொகை’ மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. ஒரு வகையில் அதுதான் உண்மை நிலவரம். ஒரே பக்கத்துக்குள் அடங்கச் சொன்னேன். அடங்கியது, எள்ளளவு எழுத்தில்.

மூன்றாம் நாள் எல்லாம் சரி. பெரிய கிளாக்கர் ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அருமை தம்பி. இதை மறுபடி எக்செல்லா மாத்திக் குடுங்க, ரெண்டு பேருக்கு ஓ.டி. திருத்தணும்.”