புழுக்கை தின்று புகழ்பெற்ற எலிகள்

பெருங்குடல் ஒரு வேண்டாத சாக்கடை என்பது பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிகோவின் கட்சி. 1908இல் நோபல் வாங்கிய பெரிய மனிதர். அவரே புளித்த பாலைக் குடித்ததோடு நிறுத்திக்கொண்டார். லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேனுக்கு அந்தப் பொறுமை இல்லை. மலச்சிக்கல் என்று வந்தவர்கள் பலரின் பெருங்குடலையே வெட்டி எறிந்தார். சிக்கல் தீர்ந்தது, குடலும் தீர்ந்தது.

நூறாண்டு கழித்து அந்தச் சாக்கடைக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் கஜெவ்ஸ்கி. மெலனோமா என்ற தோல் புற்றுநோயோடு மல்லுக்கட்டுவது அவர் தொழில். உடம்பின் எதிர்ப்பாற்றலை முடுக்கிவிடும் மருந்தில் ஒருவருக்குக் கட்டி கரைகிறது, அடுத்தவருக்கு அசைய மறுக்கிறது. ஏன்?

விடை எலிக்கூண்டில் இருந்தது. ஜாக்சன், டகோனிக் என்று இரண்டு கம்பெனி எலிகள். மரபணுவில் ஒரே ரகம். ஆனால் டகோனிக் எலிகளில் கட்டி கிடுகிடுவென வளர்ந்தது, ஜாக்சன் எலிகளில் ஆமைவேகம். இரண்டையும் ஒரே கூண்டில் குடிவைத்ததும் வித்தியாசம் போன இடம் தெரியவில்லை. காரணத்தைக் கௌரவமாகச் சொல்ல வழியில்லை: எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும். அந்த விருந்தில் ஜாக்சன் எலிகளின் குடல் பாக்டீரியா டகோனிக் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியாவை மட்டும் தனியே கொடுத்தாலும் கட்டி அடங்கியது. 2015இல் 'சயின்ஸ்' இதழ் இதை வெளியிட்டது. பாரிஸை ஒட்டிய வில்ஜுயிஃபில் லாரன்ஸ் ஸிட்வோகல் குழுவும், குடலில் கிருமியே இல்லாத எலிகளிடம் இன்னொரு மருந்து பலிக்கவில்லை என்று அதே நேரத்தில் எழுதியது.

2018இல் மனிதர்களின் முறை. மருந்து பலித்தவர்களின் குடலில் மிகுந்திருந்த பாக்டீரியா எது? பிரெஞ்சுக் கோஷ்டி அக்கர்மான்சியா என்றது, சிகாகோ பிஃபிடோ என்றது, ஹூஸ்டனில் ஜெனிஃபர் வார்கோவின் கோஷ்டி ஃபீகலிபாக்டீரியம் என்றது. குடலுக்குப் பங்கு உண்டு என்பதில் ஒற்றுமை. கும்பிடும் குலதெய்வம் மட்டும் ஆளுக்கொன்று.

2021இல், மருந்துக்கு மசியாத மெலனோமா நோயாளிகளின் குடலுக்குள், அதே மருந்தில் தேறியவர்களின் மலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். பிட்ஸ்பர்கில் 15 பேரில் 6 பேருக்கும், இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்கும் பலன். எலிகள் கூண்டுக்குள் கூச்சமில்லாமல் செய்ததை மனிதர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் செய்தார்கள்.

அதே ஆண்டு வார்கோ குழு இன்னொன்றும் சொன்னது: நார்ச்சத்து போதுமான அளவு சாப்பிட்ட நோயாளிகளிடம் நோய் முற்றக் கூடுதல் காலம் பிடித்தது, கடையில் விற்கும் புரோபயாடிக் கொடுத்த எலிகளிடமோ சிகிச்சை மங்கியது. சிகிச்சையில் இருப்பவர்களே, விளம்பரத்தைப் பார்த்து அந்த டப்பாவை வாங்குமுன் உங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.